வேட்டை இறைச்சியைத் தொங்கவிட எந்தக் கயிறு? பாராகார்டும் டைனீமாவும்

பையில் 15 மீட்டர் பாராகார்டு இருக்கிறது, அது போதும் என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் மலைக்குள் நடக்கிறார்கள். பல வருடம் நானும் அப்படித்தான் போனேன். வண்டி நிறுத்திய இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே ஓர் எல்க் மானை வீழ்த்தி, தோலுரித்து, நான்கு சப்பைகளாகப் பிரித்து முடித்து, இருட்டும் நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்தக் கயிறு போதுமா என்பது தெரியவரும். அந்த நேரத்தில் கை நடுங்கும், உடம்பு ஓய்ந்திருக்கும். கயிற்றைப் பற்றிய முடிவை வீட்டில் உட்கார்ந்து எடுப்பது நல்லது.

உரிமத்தோடு வேட்டைக்குப் போய், கிடைத்த இறைச்சியை முதுகில் சுமந்து திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே நடையில் எல்லாவற்றையும் தூக்கிவர முடியாது. பெரிய எல்க் என்றால் எலும்பு நீக்கிய பிறகும் 80 முதல் 110 கிலோ வரை இறைச்சி தேறும். இரண்டு மூன்று நடை ஆகும். அதுவரை மீதி இறைச்சி காற்றோட்டமாக, நிழலில், ஈரம் காய்ந்து, விலங்குகளுக்கு எட்டாமல் தொங்க வேண்டும். தரையில் கிடந்தால் அடிப்பக்கத்துச் சூடு வெளியேறாது. பின் சப்பையில் இடுப்பு மூட்டைச் சுற்றியுள்ள தடித்த தசைதான் முதலில் கெடும். வெளியே தொட்டால் சில்லென்று இருக்கும், எலும்பை ஒட்டிய இடம் உள்ளுக்குள் புளித்துப் போயிருக்கும். ஓர் உயிரைக் கொன்று எடுத்த இறைச்சியை இப்படி இழப்பதை என்னால் ஏற்கவே முடியாது. நான் கயிற்றுக்கு இவ்வளவு கவனம் கொடுப்பதும் அதனால்தான்.

முதலில் சுமையைப் பார்ப்போம். எலும்போடு கூடிய எல்க் பின் சப்பை ஒன்று ஏறத்தாழ 25 கிலோ, முன் சப்பை 15 முதல் 18 கிலோ. மியூல் மான் போன்ற சின்ன மான் என்றால் பின் சப்பையே 10 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். மான் இனத்திலேயே மிகப் பெரிதான மூஸ் வேறு கணக்கு, ஒரு பின் சப்பை 50 கிலோவைத் தொடும். இந்த எண்களைப் பார்த்ததும், 250 கிலோ தாங்கும் கயிறு பத்து மடங்கு போதும் என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அறுபடு வலிமை என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் எண் கடைசியாகப் பார்க்க வேண்டியது. தூக்குவது யார், கயிறு எதன்மேல் உரசிக்கொண்டு ஏறும், எந்தக் கோணத்தில் தொங்கும் என்பதையெல்லாம் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பாராகார்டு

பாராசூட் கயிறாகப் பிறந்து எல்லா வேலைக்கும் பழகிப்போன கயிறு இது. 550 என்று அதன் பெயரோடு ஒட்டிவரும் எண், 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. 4 மி.மீ. தடிமன், பின்னிய நைலான் உறை, உள்ளே ஏழு முதல் ஒன்பது சரடுகள். மீட்டருக்கு 6.5 கிராம் சுமாராக வரும், ஆக 15 மீட்டர் என்றால் 100 கிராம்.

கைக்கு இதமான கயிறு. முடிச்சு போட்டால் நிற்கும், நுனியைத் தீயில் காட்டினால் உருகி அழகாக ஒட்டிக்கொள்ளும். உறையை உரித்து உள்சரட்டை எடுத்தால் தையல் நூலாகவும் பயன்படும். எங்கும் கிடைக்கும். வாங்கும்போது நுனியை வெட்டி உள்ளே பார்த்துவிடுங்கள். அதே நிறத்தில், அதே பெயரில், உள்ளே நான்கைந்து தளர்ந்த சரடு மட்டும் வைத்த போலிகள் நிறைய உண்டு.

இதன் குறை நைலானின் குறைதான். நைலான் இழுபடும். பாராசூட்டில் அது நல்ல குணம், திடீர் இழுப்பை வாங்கிக்கொள்ளும். இறைச்சி தொங்கும்போது அதே குணம் எதிரியாகிறது. கிளையில் ஏறி இறங்கி அடிமரத்துக்கு வரும் கயிறு பத்து மீட்டர் இருந்தால், 25 கிலோ சுமையில் அது அரை மீட்டர் நீண்டுவிடுவது சாதாரணம். நைலான் தண்ணீரையும் குடிக்கும். நனைந்தால் இன்னும் இழுபடும், வலிமையிலும் பத்து சதவிகிதத்துக்கு மேல் குறையும். ஒரு முறை மழை தூறிய இரவில் தலைக்கு மேல் நன்றாக உயரத்தில் கட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தபோது பையின் அடி என் மார்பு மட்டத்தில் இருந்தது. கயிறு அறுபடவில்லை, முடிச்சும் அவிழவில்லை, எல்லாம் கட்டியபடியே இருந்தது. இரவு முழுக்க நைலான் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கிறது, முடிச்சுகள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த வழியாக ஒரு கரடி வந்திருந்தால் எழுந்து நிற்கக்கூட வேண்டியிருந்திருக்காது.

இன்னொன்று ரத்தம். நைலான் உறை ரத்தத்தையும் கொழுப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த பயணத்தில் அதே கயிறு பையில் நாறும். உறைபனி இரவில் ஈரப் பாராகார்டு கம்பி மாதிரி விறைத்துவிடும், முடிச்சை அவிழ்க்க விரலில் உணர்வு இருக்காது.

டைனீமா

மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழை இது. டைனீமா என்பது வணிகப் பெயர், ஸ்பெக்ட்ரா என்று வேறொரு நிறுவனம் விற்பதும் இதே வகை இழைதான். தண்ணீரில் மிதக்கும், தண்ணீரைக் குடிக்காது, வெயிலையும் நன்றாகவே தாங்கும். அறுபடும் கட்டத்தில்கூட மூன்று நான்கு சதவிகிதம்தான் நீளும். 2 மி.மீ. பின்னல் கயிறு மீட்டருக்கு 2 கிராம் அளவில் இருக்கும். தயாரிப்பைப் பொறுத்து 200 முதல் 400 கிலோ வரை தாங்கும். பாராகார்டின் மூன்றில் ஒரு பங்கு எடையில் அதே வலிமையோ அதற்கு மேலோ கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் இந்தக் கயிற்றின் வழவழப்பை மறந்துவிட்டால் கஷ்டம். சாதாரண முடிச்சு இதில் வழுக்கிக்கொண்டு போகும். நுனியில் வளையம் போடும் போலைன் முடிச்சு பாராகார்டில் பாறை மாதிரி நிற்கும், வழவழப்பான டைனீமாவில் நுனி மெல்ல மெல்ல உள்ளே இழுபட்டு அவிழ்ந்துவிடும். எந்தக் கயிற்றிலும் முடிச்சு விழுந்த இடத்தில் வலிமை குறையும். நைலானில் பாதிக்கு மேல் மிஞ்சும் என்று நம்பலாம். டைனீமாவில் பாதிக்கும் கீழே போகும் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. 250 கிலோ கயிறு முடிச்சு போட்டதும் 100 கிலோ கயிறாகிவிடுகிறது.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. உள்ளே குழல்போல் வெற்றிடம் கொண்ட 12 புரிப் பின்னல் வாங்கினால், கயிற்றின் நுனியை அதன் வயிற்றுக்குள்ளேயே செலுத்தி ஒரு கண், அதாவது முடிச்சில்லாத வளையம், செய்துவிடலாம். வளைத்த மெல்லிய கம்பி ஒன்று இருந்தால் போதும், பத்து நிமிட வேலை. சுமை ஏற ஏற வெளிப்பின்னல் உள்நுனியை இறுக்கிப் பிடிக்கும். சரியாகச் செய்த அந்தக் கண்ணில் வலிமை ஏறக்குறைய முழுதாகவே நிற்கும். உள்ளே போகும் நுனி கயிற்றின் தடிமனைப்போல் குறைந்தது ஐம்பது அறுபது மடங்கு நீளம் இருக்கட்டும், சுமை இல்லாதபோது கழன்றுவிடாமல் நாலு தையல் போடுங்கள்.

அப்புறம் கை. 2 மி.மீ. கயிற்றில் 25 கிலோவை இழுத்துப் பாருங்கள். கையுறை போட்டிருந்தாலும் உள்ளங்கையில் கோடு கிழித்ததுபோல் பதியும். ரத்தமும் கொழுப்பும் பட்ட கையில் அது நிற்கவும் நிற்காது. விரலில் சுற்றி இழுக்கலாம் என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். சுமை திரும்ப இழுத்தால் விரல் போய்விடும். ஒரு சாண் நீளக் கட்டையில் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி, அதைப் பிடியாக வைத்து இழுப்பதுதான் சரி.

வெப்பமும் ஆகாது. டைனீமா சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். நைலான் 220 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஒரு கயிற்றின்மேல் இன்னொரு கயிறு சுமையோடு வேகமாக ஓடினால், நின்றுகொண்டிருக்கும் கயிறு ஒரே இடத்தில் சூடாகி அறுந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே, உள்ளே டைனீமாவும் வெளியே பாலியெஸ்டர் உறையுமாக 2.5 முதல் 3 மி.மீ. தடிமனில் கயிறுகள் கிடைக்கின்றன. உறை சொரசொரப்பாக இருப்பதால் முடிச்சு நிற்கும், கையிலும் பிடி கிடைக்கும். நீட்சி மிகக் குறைவு. மீட்டருக்கு 4 முதல் 5.5 கிராம். கையால் இழுக்கிற கயிறாக எனக்கு மிகவும் பிடித்தது இந்த 2.5 மி.மீ. தான். விளக்கு வெளிச்சத்தில் மின்னும் இழை கோத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள், இருட்டில் கயிறு எந்தக் கிளை வழியாகப் போகிறது என்று தேட வேண்டியிருக்காது.

முழுக்க பாலியெஸ்டரால் ஆன கயிறு குறை சொல்ல முடியாதது. நைலானைவிடக் குறைவாகவே இழுபடும், நனைந்தாலும் வலிமை குறையாது. ஆனால் அதே வலிமைக்கு டைனீமாவைவிடக் கனம். பாலிபுரொப்பிலீன் கயிறு மலிவு, லேசு, ஆனால் வெயிலில் நொறுங்கும், முடிச்சும் சரியாக நிற்காது. அதை நான் எடுத்துப் போவதில்லை.

கிளை தின்னும் பலம்

கிளைக்கு மேலே கயிற்றைப் போட்டு ஒரு முனையில் சப்பையைக் கட்டி, மறுமுனையை இழுக்கிறோம். 25 கிலோவைத் தூக்க 25 கிலோ பலம் போதும் என்று மனம் சொல்லும். கிளையைச் சுற்றிக் கயிறு அரைவட்டம் வளைகிறது, மரப்பட்டை சொரசொரப்பானது. உராய்வுக் கெழு 0.3 என்று எடுத்துக்கொண்டாலே, இழுக்க வேண்டிய பலம் சுமையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வருகிறது. அதாவது 60 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். அது ஒரு ஆள் கயிற்றில் தொங்குவது மாதிரி. அத்தனையும் கிளையின் மேல் விழுகிறது, சுமையும் இழுப்பும் சேர்ந்து 85 கிலோவுக்கு மேல். பட்டைக்குள் கயிறு ரம்பம்போல் அறுத்துக்கொண்டு இறங்கும். மெல்லிய கயிறு இன்னும் ஆழமாக இறங்கும். மெல்லிய டைனீமா வாங்கியவர்கள் இது பயன்படாது என்று வெறுத்துவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

என் யோசனை இதுதான். லேசான கயிற்றுக்கு மாறுவதால் மிச்சமாகும் எடையைக் கொண்டாடி விட்டுவிடாமல், அந்த எடைக்கு இரண்டாவது கயிறும் ஒரு கேரபினரும் (திறந்து மூடும் உலோக வளையக் கொக்கி) எடுத்துப் போங்கள்.

செய்முறை எளிது. முதல் கயிறு 2 மி.மீ. டைனீமா, 14 மீட்டர், ஒரு முனையில் பின்னிச் செய்த கண். கல்லை ஒரு சின்னப் பையில் போட்டுக் கட்டிக் கிளைக்கு மேல் எறியுங்கள், திரும்பி வரும் கல்லுக்கு நேரே நிற்காதீர்கள். கண்ணில் கேரபினரை மாட்டுங்கள். அந்தக் கேரபினருக்குள் இரண்டாவது கயிற்றை, அதாவது 2.5 மி.மீ. உறைபோட்ட கயிற்றை, நுழைத்து இரண்டு முனையும் தரையில் கிடக்கும்படி விடுங்கள். இப்போது முதல் கயிற்றை இழுத்துக் கேரபினரைக் கிளைவரை ஏற்றுங்கள். ஏறுவது வெறும் கேரபினர்தான், சுமை இல்லை, அதனால் பட்டையை அறுக்காது. முதல் கயிற்றை அடிமரத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள். அந்தச் சுற்றுகளே சுமையைத் தாங்கிக்கொள்ளும், முடிச்சுக்கு வேலையே இருக்காது, டைனீமா வழுக்கும் பிரச்சினையும் தீர்ந்தது.

அப்புறம் இரண்டாவது கயிற்றில் சப்பையைக் கட்டி இழுங்கள். மழமழப்பான உலோகத்தின் மேல் ஓடுவதால் 25 கிலோவுக்கு 40 கிலோ அளவில் இழுத்தால் போதும். கேரபினரோடு ஒரு சின்னக் கப்பியையும் சேர்த்தால் 30 கிலோவுக்குக் கீழே வந்துவிடும், கப்பிக்கு 30 முதல் 60 கிராம் கூடும். தனியாளாக வேட்டைக்குப் போகிறவர் அந்தக் கப்பியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடைக் கணக்கு பாருங்கள். முதல் கயிறு 28 கிராம், இரண்டாவது 56 கிராம், கேரபினர் 25 கிராம். மொத்தம் 109 கிராம். ஒற்றைப் பாராகார்டு 15 மீட்டர் 100 கிராம். ஏறக்குறைய அதே எடையில் ஏற்பாடே வேறாகிவிட்டது. சாவிக்கொத்தில் மாட்டும் அலங்காரக் கேரபினர் வேண்டாம், மலையேறுபவர்கள் பயன்படுத்தும், எவ்வளவு தாங்கும் என்று பக்கவாட்டில் கிலோநியூட்டன் (kN) அளவு பொறித்த சின்னது வாங்குங்கள்.

இரண்டு மரத்துக்கு நடுவே கட்டுபவர்களுக்கு

தோதான கிளை கிடைக்காத இடத்தில் இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு கட்டி அதில் வரிசையாகச் சப்பைகளைத் தொங்கவிடுவார்கள். அறுபடு வலிமையை உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம் இதுதான். கயிற்றை எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ அவ்வளவு ஆபத்து. மரங்களுக்கு இடையே 6 மீட்டர், நடுவில் 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை ஏறிய பிறகு கயிறு நடுவில் 1.7 மீட்டர் தொய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் இழுவிசை 100 கிலோ. அரை மீட்டர்தான் தொய்ந்திருக்கிறது என்றால் 300 கிலோவுக்கு வந்துவிடும். அதில் பாதித் தொய்வு என்றால் 600 கிலோ. பாராகார்டு முடிச்சோடு சேர்த்து எங்கே அறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொய்வு விட்டால் உயரம் போய்விடும். 1.7 மீட்டர் தொய்வு, பையின் நீளம் ஒரு மீட்டர், அதற்குக் கீழே 3 மீட்டர் வெற்றிடம் என்று கூட்டினால், மரத்தில் 6 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டியிருக்கும். ஏணி இல்லாமல் அது நடக்காத காரியம். ஆகவே ஒரே கயிற்றில் நாலு சப்பை வேண்டாம். ஒரு கிளைக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். குறுக்குக் கயிறு தவிர வழியில்லை என்றால் ஒரு கயிற்றுக்கு ஒரு சப்பை, நல்ல தொய்வு, 3 மி.மீ. கயிறு.

இந்த 3 மீட்டர் சும்மா சொன்னதில்லை. வட அமெரிக்காவில் கிரிஸ்லி கரடி நடமாடும் தேசிய வனங்கள் பலவற்றில், தரையிலிருந்து 10 அடி உயரம், தாங்கும் மரத்திலிருந்து பக்கவாட்டில் 4 அடி தள்ளி என்பது உத்தரவாகவே இருக்கிறது. போகும் வனத்தின் விதியைப் படித்துவிட்டுத்தான் கயிற்றின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். அடிமரத்தில் கட்டிய முனையைக் கடித்தால் மேலே இருப்பது கீழே விழும் என்பதைக் கரடிகள் கற்றுக்கொள்கின்றன. அதனால் முடிச்சை வேறொரு மரத்துக்குக் கொண்டுபோய், கை எட்டும் உயரத்தில் போடுவது நல்லது. அதற்கும் சேர்த்து நீளம் வேண்டும்.

பையைக் கட்டும் துண்டுகள்

இறைச்சிப் பையின் வாயில் வரும் சுருக்குக் கயிறு ஈ புகாமல் மூடுவதற்குத்தான், அதை நம்பித் தூக்காதீர்கள். ஒவ்வொரு பைக்கும் ஒன்றரை மீட்டர் துண்டு ஒன்று தனியாக வையுங்கள். எலும்போடு இருக்கும் பின் சப்பைக்குக் குதிகால் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே கத்தியால் துளையிட்டு, துண்டை அதில் கோத்துக் கட்டலாம், அந்த நரம்பு அறவே அறாது. எலும்பு நீக்கிய இறைச்சி என்றால் பையின் கழுத்தை முறுக்கி, மடித்து, மடிப்பின் மேல் இறுக்கிக் கட்ட வேண்டும்.

இந்த வேலைக்கு டைனீமா சரிவராது. துணியின் மேல் வழுக்கி, பை நழுவிவிடும். பாராகார்டு துண்டு நன்றாகப் பிடிக்கும். தார் பூசிய 2 மி.மீ. நைலான் நூல் அதைவிட லேசு, முடிச்சைக் கவ்விப் பிடிக்கும், மலிவு. தார் வாடை இறைச்சியில் ஏறாமல் பைக்கு வெளியே மட்டும் கட்டுங்கள். ஆக, பாராகார்டை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை, அது சிறப்பாகச் செய்யும் வேலை இங்கே இருக்கிறது.

சின்ன மான் மட்டும் வேட்டையாடுகிறவருக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 10 கிலோ சப்பையைக் கிளைமேல் நேரடியாகவே இழுத்துவிடலாம். 2.5 மி.மீ. உறைபோட்ட கயிறு 15 மீட்டர், துண்டுகள் நாலு, போதும். செலவு செய்ய மனமில்லை என்றால் பாராகார்டே சரி, ஆனால் வழக்கத்தைவிட ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டுங்கள், இருட்டுவதற்கு முன் ஒரு முறை வந்து இழுத்துக் கட்டுங்கள். எல்க் என்றால் இரண்டு கயிறும் கேரபினரும். மூஸ் என்றால் எந்தக் கயிறு வாங்கினாலும் ஒரு ஆளால் 50 கிலோவை அப்படியே ஏற்ற முடியாது. எலும்பை நீக்கி 20 கிலோப் பைகளாகப் பிரித்துவிடுவதுதான் வழி, கயிற்றை 3 மி.மீ. ஆக்கிக் கப்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுக் கயிற்றைக் காட்டில் முதல்முறை பிரிக்காதீர்கள். 25 லிட்டர் தண்ணீர்க் கேனை நிரப்பி, வீட்டருகே ஏதாவது மரத்தில் இதே முறையில் ஏற்றி, பையின் அடி எங்கே இருக்கிறது என்று மரத்தில் ஒரு குறி வையுங்கள். கயிற்றின் மேல் கொஞ்சம் தண்ணீரும் தெளித்துவிடுங்கள். ஓர் இரவு தொங்கட்டும். காலையில் குறியிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது, டைனீமா முடிச்சில் நுனி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்து பாருங்கள். நுனி ஒரு விரல்கடை நகர்ந்திருந்தாலும் அந்த முடிச்சை மாற்றிவிடுங்கள்.